சுத்தமான பொமரேனியன்

எங்கள் கட்டடத்தில் மொத்தம் பன்னிரண்டு குடித்தனங்கள். பெருமைக்கு எந்த வீட்டிலும் பஞ்சமில்லை. ஆனாலும் இரண்டாம் மாடி வேங்கடசுப்ரமணியனைப் போல அதைத் தினமும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தவர் வேறு யாருமில்லை. ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்து சூப்பரின்டென்டென்ட் ஆனவர். ஆன அன்று சாயங்காலம் மாதுங்கா ஸ்டேஷனிலிருந்து அவர் வீட்டுக்கு நடந்து வந்ததை நான் பார்த்தேன். பின்னால் யாரோ குடை பிடித்து வருவது போல ஒரு நடை. யாரும் வரவில்லை, மழை மட்டும் வந்தது.

நான் எதிர் வீடு. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அவர் சொல்வதை மனப்பாடம் செய்துகொண்டு போய், மறுநாள் எட்டு முப்பத்தேழு லோக்கல் ரயிலில் நண்பர்களிடம் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவேன். வண்டி வி.டி. ஸ்டேஷன் போய்ச் சேரும்வரை சிரிப்பார்கள். அவர் எனக்குத் தினசரி பேப்பர் மாதிரி. காசு கொடுக்காமல் கிடைத்த பேப்பர்.

அவர் மனைவி ருக்குவைப் பற்றி யாரும் சிரிக்கவில்லை. யாரும் பேசவும் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் அவளுக்கு க்ஷயம் வந்தது. கட்டடத்தில் அதை 'வீக்னெஸ்' என்று சொல்லிக்கொண்டார்கள். க்ஷயம் என்று சொன்னால் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் வராதாம். தொண்ணூறு ஊசி போட்டார்கள். நெஞ்சு சரியானது. ஊசி, காதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. முப்பத்தெட்டு வயசில் முழுச் செவிடு. குழந்தையும் இல்லை. தன் குரலே தனக்குக் கேட்காததால் சில சமயம் ரகசியம் போலப் பேசுவாள், சில சமயம் மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி பேசிவிடுவாள். எதிரில் நிற்பவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்துப் பார்த்து, பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

பம்பாயில் குடித்தனம் நடத்தக் காது வேண்டும். கதவைத் தட்டினால் கேட்க வேண்டும் என்பது இருக்கட்டும். குழாய் சீறினால் கேட்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் காலை ஐந்தரைக்கு ஒரு முறை, பகல் பதினொன்றரைக்கு ஒரு முறை தண்ணீர் வரும். முதலில் காற்று வரும், 'ஸ்ஸ்ஸ்' என்று. அப்போதே பிடிக்க ஆரம்பித்தால் இரண்டு தவலை நிறையும். தாமதித்தால் ஒன்று. தூங்கிவிட்டால் அன்றைக்குச் சமையலே கீழ்வீட்டுத் தயவில்தான். ருக்கு குழாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நாலரையிலிருந்து.

பழைய பேப்பர் எடுக்க தாராவியிலிருந்து வரும் இசக்கிதான் ஒருநாள் வழி சொன்னான்.

"சாமி, நானும் அரைமணி நேரமாக் கதவத் தட்டுதேன். கீழ உள்ளவ்வொ எல்லாரும் வந்து எட்டிப் பாத்துட்டாவ, அம்மா மட்டும் வரல்ல. ஒரு சின்ன நாய்க்குட்டியா வச்சுக்கிடுங்க. அது போய்க் கூட்டியாரும்."

"நாயா! எங்காத்துலயா?" என்றார் வேங்கடசுப்ரமணியன்.

"செம்பூர்ல ஒரு பங்களாவுல குட்டி போட்டிருக்கு. பொமரேனியன்."

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அவருடைய ஜெனரல் மேனேஜர் வீட்டிலும் ஒரு பொமரேனியன் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரும் ருக்குவும் நானும் இசக்கியோடு செம்பூர் போனோம். நான் எதற்குப் போனேன் என்று கேட்டால், திங்கட்கிழமை ரயிலுக்குச் சரக்கு வேண்டியிருந்தது. பங்களாவின் பின்பக்கம், தோட்டக்காரர் ஷெட்டில், ஒரு கோணியின் மேல் மூன்று குட்டிகள். இரண்டு வெள்ளை. ஒன்று பழுப்பு, ஒரு காது நிமிர்ந்தும் இன்னொன்று மடிந்தும் இருந்தது.

வேங்கடசுப்ரமணியன் குனிந்து வெள்ளைக் குட்டியின் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். வாலை விரித்துப் பார்த்தார். ஒரு பாலிசி விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் போல "ஹ்ம்" என்றார்.

"தகப்பன்?" என்றார்.

"சாமி, அம்மைக்காரி பொமரேனியன்தான், அது சத்தியம். அப்பன் ஆருன்னு அவளுக்கே நெனப்பிருக்காது. இந்த ரோட்டுல எத்தன நாயி!" என்றான் இசக்கி.

"கோத்ரம் கேட்டேளா ஓய்?" என்றேன் நான்.

"நீர் சும்மா இரும். ஒரிஜினலா இதெல்லாம் ஜெர்மனி சைடு."

ருக்கு இதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைக் குட்டிகள் இரண்டும் பால் கிண்ணம் வைத்திருந்த தோட்டக்காரரிடம் ஓடின. பழுப்புக் குட்டி அவளைச் சுற்றி வந்தது. அவள் கூப்பிடவில்லை, சொடக்குப் போடவில்லை. அது அவள் புடவைத் தலைப்பைப் பல்லில் பிடித்து இழுத்தது. விட்டது. முகத்தைப் பார்த்தது. மறுபடி இழுத்தது.

"இது போறும்" என்றாள் ருக்கு. மிகச் சத்தமாக. பங்களாவின் முன்பக்கத்திலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"அது கலப்புலயும் கலப்பும்மா" என்று இசக்கி கையை ஆட்டிக் காட்டினான். அவள் அவன் உதட்டைப் பார்த்தாள், புரிந்தது, குட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வேங்கடசுப்ரமணியன் வெள்ளையை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தார். ஆனால் மனைவி இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அவர் ஜம்பக்காரர்தான், கெட்டவர் இல்லை. அதை நான் ரயிலில் சொன்னதில்லை.

நாய்க்கு அவர் வைத்த பெயர் பிரின்ஸ். ருக்கு வைத்த பெயர் சுக்கு, நிறம் அப்படி. முனிசிபாலிடி லைசென்ஸ் பாரத்தை அவர் என் எதிரிலேயே பூர்த்தி செய்தார். பெயர், பிரின்ஸ். இனம் என்ற இடத்தில் ஒரு நிமிஷம் பேனாவை உதறினார். பிறகு ஆங்கிலத்தில், அழகான சாய்வெழுத்தில், 'பொமரேனியன், ப்யூர்' என்று எழுதினார். நிறம், கோல்டன் ஒயிட்.

"ஓய், நாய் சாயம் போன காக்கி மாதிரி இருக்கு" என்றேன்.

"வளர வளர வெளுக்கும்."

லைசென்ஸ் வில்லை வந்தது, பித்தளை, எண் போட்டது. அதை ஒரு தோல் பட்டையில் தைத்துக் கழுத்தில் மாட்டினார். அந்த வில்லை கழுத்தில் இருக்கிறவரை முனிசிபாலிடியின் நாய் பிடிக்கும் வண்டிக்காரன் தொட மாட்டான். இல்லாத நாய் எதுவாக இருந்தாலும் வண்டியில் ஏற்றுவான். அது அவன் வேலை.

சுக்குவை ருக்கு வளர்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். வாரம் ஒருநாள் வெந்நீரில் குளிப்பாட்டி, ஈரம் போகத் துவட்டி, தன்னுடைய மரச் சீப்பால் வாரி, காதுமடலைப் புரட்டி உண்ணி பார்ப்பாள். மழைக்காலத்தில் பாதங்களின் இடுக்கைத் துணியால் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவுவாள். நாய்க்கு முட்டை வாங்கிக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். அய்யர் வீட்டு அடுப்பில் அது நடக்காது என்பதால் கீழே குடை ரிப்பேர்க் கடை வைத்திருந்த முகம்மது ஹனீப் தன் ஸ்டவ்வில் அவித்துக் கொடுப்பார். அதை அவள் மாடிப்படியில் உட்கார்ந்து உரித்து ஊட்டுவாள். பேச்சே கிடையாது. நாய்க்கு அவள் கை, அவளுக்கு நாயின் பல்.

ஒரு மாசத்தில் அது கற்றுக்கொண்டுவிட்டது. யாராவது கதவைத் தட்டினால் தலைப்பைப் பிடித்து வாசலுக்கு இழுக்கும். குழாய் சீறினால் வீட்டுக்குள் குழாயடி முற்றத்துக்கு இழுக்கும். அவள் ஐந்தரைவரை தூங்க ஆரம்பித்தாள். முகத்தில் கொஞ்சம் சதை போட்டது. படியில் என் மனைவியைப் பார்த்தால் நின்று, "ரெண்டு தவலையும் நெறஞ்சுடுத்து" என்று இரைந்து சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

வேங்கடசுப்ரமணியன் மட்டும் அதனிடம் ஆங்கிலத்தில் "ஸிட், பிரின்ஸ்! ஷேக் ஹாண்ட்!" என்பார். அது அவரை மரியாதையாகப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடும்.

அறுபத்துநாலு ஆவணியில் அவருடைய தகப்பனார் தெவசம் வந்தது. ஒரு சனிக்கிழமை. தெவசத்தன்று பிராமணாள் சாப்பிடுகிற இலையை நாய் பார்க்கக் கூடாது என்பது சாஸ்திரம். அதற்காக அதை வீட்டைவிட்டுக் கீழே அனுப்பியதில் தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் சாஸ்திரிகள் முந்தின நாள் வந்தபோது நாயின் கழுத்தைப் பார்த்து, "தோல் வேற மாட்டியிருக்கேளே" என்று ஒரு வார்த்தை சொன்னார். தினமும் தோல் செருப்பும் தோல் பையுமாக ஆபீஸ் போகிறவருக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாள் காலையில் பட்டையைக் கழற்றினார். பின்பக்க ஆணியில் தொங்கவிட்டார். அதோடு சேர்ந்து வில்லையும் தொங்கியது. நாயை ஒரு கொச்சக் கயிற்றில் கட்டி மாடிப்படியின் கீழே விட்டார்.

நான் ஆபீஸ் போயிருந்தேன். நடந்ததை என் மனைவியும் ஹனீபும் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன்.

பதினொன்றரைக்குக் கீழ்க் குழாய் சீறியது. சுக்குவுக்கு அது கேட்டது. அதற்கு வேலை நேரம். கயிற்றிலிருந்து தலையை உருவிக்கொண்டு, நாலு நாலு படியாகத் தாவி, இரண்டாம் மாடிக்குப் போய்க் கதவைப் பிறாண்டியது. உள்ளே ஹோமம். ருக்கு ஈரப் புடவையோடு மடியாக வடை தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதுகுப் பக்கம் கதவு. வேங்கடசுப்ரமணியன் கதவை ஒரு சாண் திறந்து, பவித்திரம் போட்ட கையை ஓங்கி, "போ! போ கீழே!" என்றார். அன்று தமிழில்தான் சொன்னார். அது புரிந்துகொண்டது. மெதுவாக இறங்கித் தெருவுக்குப் போயிற்று.

நாய் வண்டி கிங்ஸ் சர்க்கிள் பக்கத்திலிருந்து வந்தது.

"நான் கடைய விட்டு ஓடினேன் சார்" என்றார் ஹனீப். "இது வீட்டு நாய், மேலே அய்யர் வீட்டுதுன்னு சொன்னேன். பில்லா, அதான் அந்த வில்லை, எங்கேன்னு கேட்டான். கழுத்துல பட்டையே இல்ல, நான் எதைக் காட்ட? மேலே போய்க் கதவத் தட்டினேன். மந்திரம் சொல்லிட்டிருந்தாங்க. நான் உள்ளே போகலாமா சார் அந்த நேரத்துல? நீங்களே சொல்லுங்க. திரும்பிக் கீழே வந்தா வண்டியும் இல்ல, நாயும் இல்ல, ஏத்திட்டுப் போனானா, அது தப்பி ஓடிச்சான்னு தெரியல."



அரைநாள் ஆபீஸ் முடிந்து இரண்டு மணிக்கு நான் வந்தபோது பிராமணாள் தாம்பூலம் வாங்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். வேங்கடசுப்ரமணியன் நெற்றி விபூதியோடு படியில் நின்றார். முகம் வெளிறியிருந்தது. உள்ளே ருக்கு ஒவ்வோர் அறையாகக் கதவுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

"போன் பண்ணிக் கேட்டுடலாம் ஓய். தெவசத்தன்னிக்கு நான் அங்கெல்லாம் போகக் கூடாது" என்றார்.

எதிர்த்த மருந்துக்கடையில் போன். கவுண்டரில் நாலைந்து பேர். அதில் ஒருவர் அவர் ஆபீஸ்காரர். நான் பக்கத்தில் நின்றேன். பிடித்த நாய்களை அடைத்து வைக்கும் இடத்துக்கு எண் சுழற்றி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அவர் பெயர், பதவி, கம்பெனி எல்லாம் சொன்ன பிறகு:

"என்னுடைய பொமரேனியன். ப்யூர். லைசென்ஸில் அப்படியே இருக்கிறது. கோல்டன் ஒயிட். பிரின்ஸ்."

அந்தப் பக்கத்தில் யாரோ போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"அப்படியா. ஸோ கைண்ட் ஆஃப் யூ" என்று வைத்தார். என்னைப் பார்த்து, "பொமரேனியன் ஒண்ணுகூட இன்னிக்கு வரலியாம். எல்லாம் தெருக் கலப்புதானாம். நல்ல வேளை, அங்கே போகல்லே. எங்கேயோ பயந்து ஒளிஞ்சிண்டிருக்கு" என்றார்.

அந்த நிமிஷத்தை நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். 'கலப்புன்னு சொல்லும் ஓய், மடிஞ்ச காதுன்னு சொல்லும்' என்று ஒரு வரி சொன்னால் தீர்ந்தது. இரண்டு வருஷமாக, தேவையே இல்லாத இடத்திலெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று சொல்லவில்லை. நாலு பேர் எதிரில் வேண்டாமே என்று இரக்கப்பட்டேன் என்று சொன்னால் பொய். என் காதில் நாய் விழவில்லை. 'ப்யூர், கோல்டன் ஒயிட், பிரின்ஸ்' என்ற வாக்கியம்தான் விழுந்தது. தெவச விபூதியோடு ஒரு மனுஷன் மருந்துக்கடையில் நின்று அதைச் சொன்ன அழகு! திங்கட்கிழமைக்கு என்று பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு முழுக்கத் தேடினோம். ஃபைவ் கார்டன்ஸ், வடாலா, ரயில்வே லைன் ஓரம். நல்ல மழை. ருக்குவும் வந்தாள். "சுக்கூ!" என்று அவள் கூப்பிட்ட சத்தத்துக்கு மூன்றாம் தெருவில் ஜன்னல்கள் திறந்தன. பதிலுக்கு எங்கேயாவது குரைத்தால் அவளுக்குக் கேட்காது என்பதால், ஒவ்வொரு தடவை கூப்பிட்ட பிறகும் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்ப்பாள். நாங்கள் தலையை ஆட்டுவோம், இல்லை என்று.

திங்கட்கிழமை எட்டு முப்பத்தேழில் என் நண்பர்களிடம் சொன்னேன். குரலும் கையுமாக நடித்தே காட்டினேன். நன்றாகச் சிரித்தார்கள். தாராவியில் மாவு மில் வைத்திருக்கும் கணேசபாண்டியன் மட்டும் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"அது சரி சார், அவ்வொ இல்லன்னு சொன்னது பொமரேனியனத்தான? அப்ப நாயி அங்கனதான கெடக்கும்?"

மஸ்ஜித் ஸ்டேஷன் தாண்டிக்கொண்டிருந்தது வண்டி.

அங்கிருந்தே திரும்பியிருக்கலாம். ஆபீஸ் போய்க் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் பதினொன்றுக்குத்தான் வந்தார். அவரிடம் பர்மிஷன் கேட்க இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அடுத்தவர் பதவிப் பெருமையைப் பற்றிப் பேசுகிறேன், என் மேனேஜர் அறை வாசலில் நான் கைகட்டி நின்றதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நாய்களை அடைக்கும் இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை.

வில்லை இல்லாத நாய்க்கு இரண்டு நாள் கெடு, அதற்குள் யாரும் கேட்டு வராவிட்டால் கொன்றுவிடுவார்கள். சனி நடுப்பகலில் வந்தது, திங்கள் நடுப்பகலோடு கெடு முடிந்தது. பன்னிரண்டரைக்கு எல்லாம் முடித்துவிட்டார்கள். தப்பு அவர்கள் பேரில் துளியும் இல்லை. கேட்டவருக்குப் போய்ப் பார்த்துப் பதில் சொன்னார்கள், கெடு முழுக்கக் காத்திருந்தார்கள். அங்கிருந்த ஆள் வயசானவர், மராட்டிக்காரர். பதிவு நோட்டைத் திருப்பிக் காட்டினார். 'சின்னது. ஆண். பழுப்பு. கலப்பு. இடது காது மடிந்தது.' சுக்குவைப் பற்றி யாராவது எழுதிவைத்த உண்மை அந்த ஒரு வரிதான்.

"உங்களுதா?" என்று இந்தியில் கேட்டார்.

"எதிர் வீட்டுது."

"நல்ல நாய் சாப். ரெண்டு நாளும் தரை கழுவக் குழாயைத் திறக்கறப்போ எல்லாம் ஓடிவந்து என் பைஜாமாவைப் பிடிச்சு இழுத்துது. எதுக்குன்னுதான் தெரியலே. சனிக்கிழமை யாரோ பெரிய ஆபீசர் பொமரேனியன் கேட்டு போன் பண்ணினார். காது மடிஞ்ச பழுப்புன்னு கேட்டிருந்தா, இன்னும் நாலு நாள்கூட வெச்சிருப்பேன்."

சாயங்காலம் வேங்கடசுப்ரமணியன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவரே திறந்தார். ருக்கு உள்ளே ஊஞ்சல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோளில் துண்டு, வந்தால் துடைக்கத் தயாராக.

"போயிடுத்து ஓய். இன்னிக்கு மத்தியானம். அங்கேதான் இருந்திருக்கு" என்றேன்.

"பொமரேனியன் இல்லேன்னானே?"

"நோட்டுல கலப்புன்னு போட்டிருக்கான்."

நான் அவரை அறிந்த பதினைந்து வருஷத்தில், காற்றுப் போன அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படாத நாளில்லை. பார்த்துவிட்டேன். தலையைத் திருப்பிக்கொள்ளத்தான் தோன்றியது.

"போன்ல நான்..." என்றார்.

"நானும் பக்கத்துலதான் நின்னுண்டிருந்தேன்" என்றேன்.

அவளை மறந்துவிட்டோம். அவள் எங்கள் இருவர் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துப் பழகியவள். ஒன்றும் விட்டுப்போயிருக்காது.

"கலப்புன்னு சொல்லியிருக்கலாமே" என்றாள்.

மெதுவாகச் சொன்னதாகத்தான் அவள் நினைத்திருப்பாள். கட்டடம் முழுக்கக் கேட்டது. கீழே ஹனீபின் கடையில் தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் நின்றது.

அடுத்த வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கச் சொல்லி முனிசிபாலிடியிலிருந்து அச்சுக் கடிதம் வந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். நாய் இல்லை என்று நான்தான் எழுதிப் போட்டேன். இன்னொரு குட்டி கொண்டுவரட்டுமா என்று இசக்கி கேட்டுப் பார்த்தான். ருக்கு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டாள். ரயிலில் நான் இப்போது நண்பர்களை விட்டுத் தள்ளி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன்.

தட்டினால் கேட்காது என்பதால் அவர்கள் வீட்டுக் கதவு எழுந்ததிலிருந்து திறந்தே கிடக்கிறது. விடிகாலையில் என் வீட்டு வாசலைத் திறந்தால் அவர்கள் முற்றம் தெரியும். ருக்கு குழாயடியில் சின்னப் பலகை போட்டு உட்கார்ந்திருப்பாள். இப்போதெல்லாம் குழாயைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைக் குழாயின்மேல் வைத்திருப்பாள். உள்ளே தண்ணீர் ஏறும்போது இரும்பு லேசாக நடுங்குமாம். என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

நடுக்கம் வந்ததும் கண்ணைத் திறந்து தவலையை நகர்த்துவாள். அதற்கு முன்னால் ஒரு தடவை, எப்போதும், தன் தலைப்பைத் திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.